பாய்மரக் காலம் – 17: முழ நீளக் கப்பல்கள்

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்குப் பின்புறம், புத்தன்சந்தையில், ஊரார் எஸ்.எம்.எஸ்.எம். என்று சுருக்கிச் சொல்லும் கைவினைப் பொருள் நிலையம் இருக்கிறது. முழுப்பெயர் ஸ்ரீமூலம் சஷ்டியப்தபூர்த்தி நினைவு நிலையம். 1885 முதல் 1924 வரை திருவிதாங்கூரை ஆண்ட ஸ்ரீமூலம் திருநாளுக்கு அறுபது நிறைந்ததை ஒட்டி வந்த பெயர். இதுபோன்ற கடைகளில் ஈட்டி மரத்து யானைகளுக்கும் கதகளி முகங்களுக்கும் நடுவே படகுகளும் வரிசையில் நிற்கும். துடுப்புக்காரர்களோடு சுண்டன் வள்ளம், கூரை போட்ட கெட்டுவள்ளம், பாய் விரித்த பேப்பூர் உரு என்னும் மரக்கப்பல். விருந்தினருக்குக் கொடுக்க, பணி ஓய்வு பெறுபவருக்குப் பரிசளிக்க, வெளிநாடு போகிறவர் பெட்டியில் வைக்க என்று வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கேரளத்தில் அரசு விழாவென்றால் மேடையில் ஒரு வள்ளமாவது கைமாறும்.

அந்தப் படகுகள் அழகானவைதாம். ஆனால் பெரும்பாலானவை ஒரே கட்டையில் குடைந்தவை. பலகை சேர்ந்த இடம் என்று காட்டுவதற்கு மேலே உளியால் கீறிய கோடு மட்டும் இருக்கும். பொம்மைக்கு அது போதும். அளவு மாதிரி என்பது வேறு தொழில். அசல் கலத்தில் எத்தனை பலகையோ அத்தனை பலகை, எங்கே மூட்டோ அங்கே மூட்டு, எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்று வைத்தால் 48-இல் ஒரு பங்கு. உலகம் முழுக்கக் கப்பல் மாதிரி செய்பவர்களிடம் அதிகம் புழங்கும் அளவுகளில் இதுவும் ஒன்று. 20 மீட்டர் நீளமுள்ள மரக்கலம் இந்த அளவில் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும்.

சென்ற அத்தியாயத்தில் சோழன் ராஜராஜன் கலமறுத்த காந்தளூர்ச் சாலையையும் வலியசாலைக் கோயில் சுற்றுப்புறத்தையும் பார்த்தோம். அதைத் தொடர்ந்து எழும் கேள்வி, ராஜராஜன் காலத்துக் கப்பல் எப்படித்தான் இருந்தது, அதற்கு ஒரு மாதிரி செய்ய முடியாதா என்பது. முடியாது என்பதுதான் நேர்மையான பதில். சோழர் கப்பல் என்று கடைகளில் விற்பதும் திரைப்படங்களில் புலிக்கொடி பறக்க வருவதும் கற்பனை. சோழர் கலம் ஒன்றின் வரைபடம் நம்மிடம் இல்லை. இதுதான் அது என்று ஐயமின்றிக் காட்டக்கூடிய உடைந்த கலமும் இல்லை. பழந்தமிழ்க் கடலைப் பற்றி இருப்பவை சின்னச் சின்னத் தடயங்கள். சோழமண்டலக் கரையில் கிடைக்கும் சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் உண்டு. பல்லவர் காசிலும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓட்டில் ஒருவர் மூன்று பாய்மரக் கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். அது ரோமானிய வணிகக் கப்பல் என்பது பழங்காலக் கப்பல் ஆய்வாளர் லயனல் காசனின் கருத்து. காசில் விரல் நகத்தளவு இருக்கும் உருவத்தை வைத்துப் பலகையின் கனத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேரளத்துக்கு இதில் ஒரு நல்லூழ் வாய்த்தது. சேர்த்தலைக்கு அருகே தைக்கல் – கடக்கரப்பள்ளியில் சேற்றுக்குள் புதைந்திருந்த பாய்மரக் கலத்தை 2000-களின் தொடக்கத்தில் முறையாக அகழ்ந்தார்கள். இடைக்காலத்தது. தட்டையான அடி, இரண்டு பாய்மரம், அயினிப் பலகை, இரும்பு ஆணி. மேலைக்கடல் கலங்கள் எல்லாமே கயிற்றால் தைத்தவை, கடலடியில் இருக்கும் காந்தமலை ஆணியைப் பிடுங்கிவிடும் என்று பயந்து தைத்தார்கள் என்றெல்லாம் பழைய யாத்திரிகர்கள் எழுதிவைத்ததை இந்தக் கலம் சட்டை செய்யவில்லை. ஆணியும் கயிறும் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கடற்படை வாரியத்துக்காக மரத்தில் மாதிரிகள் செய்தார்கள். மேற்புறம் செதுக்கும் தங்கப் பூச்சுமாக ஜொலிக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பலகை போடாமல், வங்குகள் என்னும் விலா மரங்களைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். காரணம் இருந்தது. அவர்கள் கப்பலுக்கு எலும்பு முதலில், தோல் பிறகு. அடிமரமான ஏராக்கட்டையைக் கிடத்தி, வங்குகளை நிறுத்தி, அந்தக் கூடு முழுசாக நின்ற பின்தான் பலகை அறைவார்கள். கூட்டின் வடிவம் காகிதத்திலிருந்து வரும். இன்று பெட்டியில் அடைத்து விற்கும் கப்பல் மாதிரித் தொகுப்புகளும் இதே ஒழுங்கில்தான் இருக்கின்றன. வெட்டி வைத்த வங்குகள், அவற்றின் மேல் வளைத்து ஒட்டப் பட்டைகள், நூல், கையேடு.

காகிதத்தை நம்பிக் கட்டுவதில் என்ன ஆபத்து என்பதற்கு நம் தேக்கிலேயே ஒரு கதை இருக்கிறது. 1812-இல் பிரிட்டிஷ் கடற்படை பம்பாயில் ஒரு போர்க்கப்பல் கட்ட உத்தரவு போட்டது. கட்டவேண்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. அவருக்குரிய வரைபடங்கள் 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் ஏறின. அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் 'கான்ஸ்டிடியூஷன்' ஜாவாவை மடக்கி அழித்தது. வரைபடமும் அதோடு போயிற்று. பம்பாயில் தேக்கு இருந்தது, தச்சர்கள் இருந்தார்கள், வாடியாக்களின் தலைமுறை அனுபவம் இருந்தது. இருந்தும் இன்னொரு பிரதி கடல் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1816-இல் ஏரா போட்டு, 1817 அக்டோபர் 12 அன்று கப்பலை நீரில் இறக்கினார்கள். பெயர் 'டிரிங்கோமாலி', நம் திருகோணமலை. மலபார்த் தேக்கில் கட்டிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் பீரங்கித் தளம் 150 அடி. 48-இல் ஒரு பங்காக்கினால் மூன்றடிக்குச் சற்று மேல். வரைபடம் கிடைப்பதால் மாதிரி செய்பவர்களுக்குப் பிடித்த கப்பல்.

பேப்பூரின் மேஸ்திரியிடம் போய் வரைபடம் கேட்டால் சிரிப்பார். கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. வேலையின் வரிசையும் நேர் எதிர். ஏராவின் இருபுறமும் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, உருவின் வயிற்றை முதலில் எழுப்புவார். வளைவைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, சரி என்று பட்டால் அடுத்த பலகை. ஓடு எழுந்த பிறகு அதன் உள்வளைவுக்கு ஏற்ற இயற்கையான வளைவுள்ள மரத்தைத் தேடி வங்காக நுழைப்பார். கெட்டுவள்ளம் கட்டுகிறவர் இன்னும் ஒரு படி மேலே போய் ஆணியையே விட்டுவிடுவார். பலகை விளிம்புகளில் துளையிட்டு, மூட்டின் மேல் நார் வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துத் தைத்துவிடுவார். சென்னைக் கரையின் மசூலா எனப்பட்ட சலங்குப் படகில் வங்கே கிடையாது. தைத்த பலகை மட்டும்தான். அலை அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்கும், திரும்ப நிமிரும். துறைமுகமில்லாத சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது இந்தப் படகுதான். ஐரோப்பியப் படகு அதே அலையில் மணலில் மோதி உடைந்தது.

இங்கே மாதிரி செய்பவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. பெட்டியில் வரும் முறையில் வங்கை நிறுத்திப் பலகை ஒட்டி ஒரு சலங்கோ உருவோ செய்துவிடலாம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தக் கலம் எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி அந்த மாதிரி பொய் சொல்கிறது. அசல் எந்த வரிசையில் எழுந்ததோ அந்த வரிசையில் மாதிரியும் எழ வேண்டும் என்பது என் கட்சி. மியூசியக்காரர்கள் பலர் இதை வீண் பிடிவாதம் என்பார்கள். வடிவம் சரியாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். அவர்கள் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, பாரிஸில்.

அதற்கு முன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஜான் எடி என்ற ஆங்கிலேயரைச் சொல்லவேண்டும். மரம் தேடி மலபார்க் கரைக்கும் வந்தவர். சோழமண்டலம், மலபார், இலங்கை ஆகிய மூன்று கரைகளின் கலங்களையும் அளந்து, படம் வரைந்து, லண்டன் ராயல் ஆசியச் சங்க இதழில் 1834-இல் வெளியிட்டார். கட்டுமரம், மசூலா, தோணி, பத்தேமார், கொச்சிப் பக்கத்துப் பாம்புப் படகு எல்லாம் அதில் வருகின்றன. தச்சர் என்பதால் அவர் கண்ணுக்கு மூட்டு தெரிந்தது. கவிதை தெரியவில்லை, நமக்கு அது லாபம்.

அடுத்தவர் பிரான்சுவா எத்மோன் பாரி. 1806-இல் பிறந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1826-க்கும் 1840-க்கும் நடுவே மூன்று முறை உலகக் கடல்களைச் சுற்றினார். போன துறையெல்லாம் மற்ற அதிகாரிகள் விருந்துக்குப் போக, இவர் அளவுகோலோடு உள்ளூர்ப் படகுகளுக்குள் இறங்கினார். மூன்றாவது பயணத்தின்போது இந்தியாவில் ஓர் ஆலையைப் பார்க்கப் போய், இயந்திரப் பல்சக்கரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். வரைவதை நிறுத்தவில்லை. 1840-களின் தொடக்கத்தில், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் கப்பல் கட்டுமானம் பற்றிய அவருடைய பெரிய படத்தொகுதி வந்தது. சோழமண்டலத்துச் சலங்கும் கட்டுமரமும் அதில் முறையான வரைகோடுகளோடு இருக்கின்றன. 1871-இல் லூவரில் இருந்த கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றவர், 1893-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். இளமையில் வரைந்த படகுகளை, முதுமையில் அங்குள்ள பட்டறைத் தச்சர்களைக் கொண்டு ஒவ்வொன்றாக மரத்தில் செய்ய வைத்தார்.

அந்தத் தச்சர்கள் நம் கரையைப் பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் வேலையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. சென்னைத் துறைமுகம் வந்து மசூலாவின் பிழைப்பு போனபின், அதன் வடிவத்தைத் தேடுபவர் கடைசியில் போய் நிற்கும் இடங்களில் பாரியின் தாள்களும் ஒன்று. வடிவம் தப்பித்தது. தைக்கும்போது கயிற்றை எவ்வளவு இழுப்பது, இழுப்பவருக்கும் உள்ளே இருந்து வாங்குபவருக்கும் நடுவே என்ன பேச்சு, எந்தப் பதத்தில் ஆப்பு வைத்து இறுக்குவது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இல்லை.

சிறியதாக்கும்போதே தொலைந்துபோகும் விஷயங்களும் உண்டு. 4 மில்லிமீட்டர் தையல் கயிறு 48-இல் ஒரு பங்கில் தலைமுடியளவு ஆகிவிடும். தலைமுடி போல மெல்லிய நூலைத் துளையில் இழுத்தால், பலகை சேரும் முன் நூல் அறுந்துவிடும். மரத்தின் ரேகையும் சுருங்காது. தேக்கில் கட்டிய கப்பலைத் தேக்கிலேயே சிறிதாகச் செய்தால், ஒவ்வொரு பலகையிலும் ரேகை கயிறு போலத் தடித்துத் தெரியும். அதனால் ஐரோப்பியர் பெட்டிமரம், பேரிமரம் என்று நெருக்கமான ரேகையுள்ள மரங்களுக்குப் போனார்கள். நம் பக்கத்தில் மஞ்சள் கடம்பு அதற்கு ஏற்றது. இழைப்புக்குப் பணிந்து போகும், நிறமும் மட்டாக இருக்கும். ஈட்டி மரம் வாங்குபவரின் கண்ணுக்காக. மாதிரிக்கு அது தேவையில்லை.

கைக்கணக்கைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் மாதிரி போதாது, முழுக் கலமே கட்டவேண்டும் என்று இறங்கியவர்கள் உண்டு. அவர்களில் பயண எழுத்தாளர் டிம் செவரின் முக்கியமானவர். சிந்துபாத் போன வழியில் அரபுத் தைத்த கலத்தில் சீனம் போவது என்று அவர் முடிவெடுத்தபோது, ஓமானில் அப்படிக் கட்டத் தெரிந்த கை இல்லை. மரம் மலபாரிலிருந்து போயிற்று. கயிறும் தைப்பவர்களும் லட்சத்தீவிலிருந்து போனார்கள். அந்தப் பணியை முன்நின்று நடத்தியவர் மினிக்காய்த் தீவின் அலி மாணிக்பான். தமிழருக்கு இவர் அந்நியரல்லர். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். ஒரு மீனினத்துக்கே இவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லாமல் பல மொழிகளைத் தானே கற்றவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஓமானின் சூர் கரையில் எழுந்த அந்தக் கலத்துக்கு 'சோஹார்' என்று பெயர். 87 அடி. ஓர் ஆணி இல்லை. தைக்கத் தேவைப்பட்ட கயிறு 400 மைல் என்று செவரின் கணக்குச் சொல்கிறார். 1980 நவம்பரில் மஸ்கட்டில் புறப்பட்ட கலம், 1981 ஜூலையில் சீனத்தின் காண்டன் சேர்ந்தது. இப்போது மஸ்கட்டில் ஒரு சாலை ரவுண்டானாவின் நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடலைக் கடந்த கலம் கடைசியில் காட்சிப் பொருள் ஆயிற்று.

அந்த வழியில் அண்மையில் வந்தது 'கௌண்டின்யா'. அஜந்தா குகை ஓவியத்தில் உள்ள 5-ஆம் நூற்றாண்டுக் கப்பலை மீண்டும் கட்டுவது என்று 2023 ஜூலையில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் இந்தியக் கடற்படையும் கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கேரளத்துத் தச்சர் குழுவுக்குத் தலைமை பாபு சங்கரன். ஓமானுக்காக 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' என்ற தைத்த கலத்தைக் கட்டி முடித்த கை அவருடையது. அது 2010-இல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஓவியத்துக்கு ஒரு பக்கம்தான். அடிப்பாகம் தண்ணீருக்குள் எப்படி இருந்தது என்று ஓவியன் காட்டமாட்டான். அந்த இடத்தில் மாதிரி தேவைப்பட்டது. இந்த முறை அழகுக்காக இல்லை. சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையில் மாதிரியை நீரில் விட்டுச் சோதித்தார்கள். இத்தகைய சோதனையின் விதியை, 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் நீர்த்தொட்டி அமைத்த வில்லியம் ஃபிரூடு கண்டு சொன்னார். 16-இல் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியை அசலின் வேகத்தில் 4-இல் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால், அது எழுப்பும் அலை அசல் எழுப்பும் அலையின் சரியான சிறு வடிவம். எடை மட்டும் 4,096-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கால் அலையின் தடையை அறியலாம், காற்றில் எவ்வளவு சாயும் என்று அறியலாம். தையல் தாங்குமா என்பதை அறிய முடியாது. அதற்கு பாபு சங்கரனைத்தான் நம்பினார்கள்.

2023 செப்டம்பர் 12 அன்று ஏரா போட்டு, 2025 பிப்ரவரியில் கோவாவில் நீரில் இறக்கி, மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். சதுரப் பாய், சுக்கானுக்குப் பதில் பக்கத் துடுப்புகள், முன்புறமான அணியத்தில் சிம்ம யாளி, கல் நங்கூரம். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரில் புறப்பட்டு 2026 ஜனவரி 14 அன்று மஸ்கட் சேர்ந்தது. யாளியும் கொடியும் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசின. எனக்கு அந்தத் தச்சர்கள் தைத்த வரிசையை யாராவது பலகை பலகையாகக் குறித்து வைத்திருக்கிறார்களா என்பதில்தான் அக்கறை.

மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகத்தில் உலகின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் நிற்கின்றன. அதே கரையில் பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் ஒரு காலத்தில் வரிசையாகக் கிடந்த கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்துவிட்டன. கனமில்லாத மரம் கிடைப்பது அருகி, விலை ஏறியதுதான் முதல் காரணம். இதைச் சமாளிக்க 1980-களின் தொடக்கத்தில் முட்டம் முதல் அஞ்சுதெங்கு வரையுள்ள கரையில் ஒட்டுப்பலகைப் படகுகள் வந்தன. அவற்றைப் பரப்பியதில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பான சிஃப்ஸுக்குப் பெரிய பங்கு. அந்தப் படகு கட்டும் முறையைப் பாருங்கள். பலகையை வடிவத்துக்கு வெட்டு, விளிம்பில் துளை போடு, கம்பியால் தைத்து ஓடாக எழுப்பு, பிறகு மூட்டில் பிசின் தடவிக் கண்ணாடி இழை ஒட்டு. இங்கிலாந்துப் பொறியாளர்கள் புதுத் தொழில்நுட்பம் என்று கொண்டுவந்த அது, ஓடு முதலில், தையல் முதலில் என்ற பழைய ஒழுங்கிலேயே வந்து நின்றது. கரைக்காரர்களுக்கு அதைக் கற்றுக்கொள்வது கடினமாக இருந்திருக்காது.

அளவு மாதிரி செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இங்கிலாந்தின் 'விக்டரி' அல்லது சுவீடனின் 'வாசா' தொகுப்பை இறக்குமதி செய்து தொடங்குகிறார்கள். தொடங்கட்டும், கைப்பழக்கம் வரும். இரண்டாவது மாதிரிக்கு அவர்கள் பெட்டி வாங்கத் தேவையில்லை. பூந்துறைக்குப் போய், இன்னும் கரையேறும் ஒரு கட்டுமரத்தின் கட்டைகளை அணியத்திலிருந்து அளந்து, கயிறு எந்தக் கட்டையில் தொடங்கி எப்படிச் சுற்றி எங்கே முடிகிறது என்று அதைக் கட்டும் முதியவரிடமே கேட்டு எழுதிக்கொண்டால் போதும். எடியும் பாரியும் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் கேட்க மறந்ததைக் கேட்டதாகும்.

சோஹாரும் கௌண்டின்யாவும் பிறர் ஆசைக்காகப் பழமையை மீட்டவை. தம் பிழைப்புக்காகக் கட்டிய பாய்க்கப்பலிலேயே ஈழத் தமிழ் மாலுமிகள் அமெரிக்கா போன கதை ஒன்று இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையைச் சேர்ந்த 'அன்னபூரணி'யை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)